ஜெனியும் ஏழு கப் டீயும்

கற்கண்டின் மேல் சூடான டீ விழும்போது ஒரு சத்தம் வரும். பொட்டுக்கடலை பல்லில் உடைகிற மாதிரி, மெல்லிசாக... அதை நான் முதன்முதலில் கேட்டது 2005 குளிர்காலத்தில், ஹாம்பர்க்கில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது.

ஜெனி நாகர்கோவில்காரி. நான் திருச்சி. ஹாஸ்டலில் அடுத்தடுத்த ரூம். வாரம் முழுக்க ரொட்டியும் ஜாமும், சனிக்கிழமை மட்டும் வெளியே சாப்பாடு.

ஸ்டேஷன் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன், "இருங்கோ பிள்ளையள், ரோல்ஸ் சூடா வருது" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார். துருக்கிக் கடையில் எலுமிச்சை பிழிந்த பருப்பு சூப். துறைமுகத்தில் மீன் வைத்த பன். அது ஊறவைத்த பச்சை மீன் என்று தெரிந்ததும் ஜெனி, "ஏட்டி, இதக் கொஞ்சம் பொரிச்சுத் தருவாவளா, கேளு" என்றாள். சீரியஸாகத்தான் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை, சாப்பிட வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"திங்கக்கிழமை ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன். படிச்சது போதும்."

வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "குளிரு" என்றாள். சரி, கடைசியாக ஒரு டீயாவது குடிக்கலாம் வா என்று இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்தோம்.

லேஸ் விரித்த மேசை, ரோஜாப்பூ போட்ட மெல்லிய கப், டீ ஆறாமல் இருக்க ஜாடிக்குக் கீழே ஒரு சின்ன மெழுகுவர்த்தி. கடை நடத்தியவர் வடகடலோரம் ஓஸ்ட்ஃபிரீஸ்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. கற்கண்டு போட்டு, டீ ஊற்றி, ஓரமாக ஒரு ஸ்பூன் கிரீம் விட்டார். அதை அவர்கள் ஊரில் கலக்கவே கூடாதாம். எங்களுக்கு யார் சொன்னது? கடகடவென்று கலக்கினோம். பத்தாததற்கு ஜெனி சாஸரில் ஊற்றி ஆற்றினாள். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

கப் காலியானதும் கேட்காமலே மறுபடி ஊற்றினார். மறுபடியும்... மறுபடியும். போதும் என்றால் ஸ்பூனைக் கப்புக்குள் வைக்க வேண்டுமாம். அது தெரியாமல், ஊற்றியதை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று நாங்கள் குடித்துக்கொண்டே இருந்தோம்.

ஐந்தாவது கப்பில் ஜெனி அழுதாள்.

"லேப்ல நாலு பேரு இருக்காவ. பன்னெண்டு மணி ஆனா எல்லாரும் சேர்ந்து கேன்டீனுக்குப் போவாவ. ஒருத்தர்கூட என்னக் கூப்பிட மாட்டாவ. நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து ரொட்டி தின்னுட்டு இருக்கேன்."

"ஒரு தடவகூடவா கூப்பிடல?"

"முதல் நாள் கூப்பிட்டாவ. இல்ல, நீங்க போயிட்டு வாங்கன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"கூப்பிட்ட உடனே யாராவது எந்திச்சுப் போவாவளா? இன்னொரு தடவ கூப்பிடட்டும்னு..."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நம்மூரில் சாப்பிட வா என்றால், 'இல்ல, இப்பதான் சாப்பிட்டேன்' என்போம். கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவோம். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர்கள் அவள் சொன்ன பேச்சுக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். இவளோ ஒதுக்கிவிட்டார்கள் என்று இத்தனை நாளாக மருகியிருக்கிறாள். நானும் இப்படி ஒரு பிறந்தநாள் கேக்கைக் கோட்டை விட்டவள்தான்.

"திங்கக்கிழமை நீயே போயி, நானும் வரேன்னு சொல்லு. அப்புறமும் ஊருக்குப் போகணும்னா நானே பெட்டி கட்டித் தரேன்" என்றேன். படிப்பு, வேலை, எதிர்காலம் என்று என்னென்னவோ எடுத்துச் சொன்னேன். ஏழாவது கப் வரைக்கும் விடவில்லை. கடைசியில் அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு, எங்கள் ஸ்பூன்களை எடுத்துக் கப்புக்குள் வைத்துக் காட்டினார்.

திங்கள் மத்தியானம் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. "சூப் குடிச்சேன். நாலு பேரோட."

இப்போது ஜெனி ஸ்டுட்கார்ட்டில் பெரிய வேலையில் இருக்கிறாள். டீமில் புதிதாகச் சேரும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் முதல் நாளே, "சாப்பிடக் கூப்பிட்டா உடனே எந்திச்சுப் போயிருங்க" என்று சொல்லிவிடுவாளாம். அந்த டீக்கடை இருந்த இடத்தில் இன்று மொபைல் கடை. நான் இன்னமும் ஹாம்பர்க்கில்தான். மசால் தோசை ஆர்டர் செய்தால் வாசலுக்கே வருகிறது. பெரும்பாலும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

"அன்னைக்கு இவ பேசலன்னா நான் இங்க இல்ல" என்று ஜெனி இன்னமும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். இத்தனை வருஷமாக அவளிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று வாய் அவளுடைய எதிர்காலத்தைப் பற்றித்தான் பேசியது. மனசுக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான்... இவளும் போய்விட்டால், வருகிற சனிக்கிழமை நான் யாரோடு சாப்பிடுவேன்?