மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை

ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று இப்போது கணினி நொடியில் சொல்லிவிடுகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதற்கு நல்ல கண் வேண்டும், பொறுமை வேண்டும். எனக்குக் கண் நன்றாக இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை கொரட்டூரில் ரயிலேறி நகரத்து நூலகத்துக்குப் போவேன். தலையணை கனத்துக்கு இருக்கும் மேற்கோள் அட்டவணையைப் புரட்டி, பொடி எழுத்தில் என் பெயரைத் தேடுவேன். திரும்பி வந்ததும் என் கணவர், "ரிசல்ட் வந்துச்சா?" என்பார். நான் செருப்பைக் கழற்றி வீசுகிற சத்தத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

நான் கால்நடை வைரஸ்களை ஆராய்பவள். தேடியதெல்லாம் ஒரே ஒரு கட்டுரைக்காக. எண்பதுகளின் பிற்பகுதியில் குத்தம்பாக்கத்தில் ஆடுகள் மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து செத்தன. மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் தொற்றிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இது வேறு, ஆட்டுக்கே உரிய வைரஸ் என்று எனக்குப் பட்டது. ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கோடு பூந்தமல்லியில் பஸ் மாறிப் போனேன். அங்கே என் வயதே இருக்கும் ஒரு பெண்ணின் கொட்டகையில் ஒரு வெள்ளாடு மட்டும் தேறிக்கொண்டிருந்தது. மற்றவை போய்விட்டன. நான் செத்த ஆட்டிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் கட்டியிருந்த இரண்டு மாடுகளைக் காட்டினார்.

"மாட்டுக்கு ஒண்ணும் ஆவல பாரு டாக்டரம்மா. ஒரே தொட்டிலதான் தண்ணி குடிக்குதுங்கோ. இதுங்களுக்கு வெக்கை ஊசிகூட போட்டதில்ல. அத்தயும் எய்திக்கமா."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கட்டுரையில் விட்டுவிட்டேன். ஆய்வகச் சான்றுகளே போதும், கூலி வேலைக்குப் போகிற ஒருத்தி சொன்னதையெல்லாம் வெளிநாட்டு இதழில் போடுவதா என்று நினைத்தேன். படிப்புத் திமிர், வேறொன்றும் இல்லை.

கட்டுரை வெளிவந்து மூன்றாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை, அட்டவணையில் என் பெயர் இருந்தது. அதன் கீழே ஒரு வெளிநாட்டு விஞ்ஞானியின் பெயர், இதழ், பக்க எண். அட்டவணை அவ்வளவுதான் சொல்லும். அவர் புகழ்ந்தாரா, திட்டினாரா என்று சொல்லாது. அது தெரிந்தும் கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில் மைசூர்பாகு வாங்கினேன். திங்கட்கிழமை ஆய்வகம் முழுக்க இனிப்புக் கொடுத்தேன்.

அவருடைய கட்டுரையின் நகல் கேட்டுக் கடிதம் போட்டு, அது வந்து சேர ஆறு வாரமானது. பிரித்துப் படித்தால், நான் சொன்னது தவறு என்று இருந்தது. அது மாட்டிலிருந்து வந்த வெக்கையாகவே இருக்கலாம், அதே கொட்டகையில் மாடுகள் எப்படி இருந்தன என்று கட்டுரை சொல்லவே இல்லையே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. மைசூர்பாகு தின்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த விஞ்ஞானி வெறுமனே திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. இதற்குப் பதில் சொல்லாவிட்டால், இனி நான் எதைக் கண்டுபிடித்தாலும் யாரும் நம்பப்போவதில்லை.

பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். கொட்டகைக்காரப் பெண் சொன்னது என் கையெழுத்திலேயே இருந்தது. மறுநாளே குத்தம்பாக்கம் போனேன். அன்று தேறிய ஆடு, பேரன் பேத்தி எடுத்துக் கொட்டகையை நிறைத்திருந்தது. அதே இரண்டு மாடுகளும் இருந்தன. எல்லாவற்றிலும் ரத்தம் எடுத்தேன். எந்த வைரஸோடு சண்டை போட்டுப் பிழைத்தோம் என்பதற்கான அடையாளத்தை உடம்பு ரத்தத்தில் வைத்திருக்கும். அந்த ஆட்டின் ரத்தம் ஆட்டு வைரஸை அடியோடு அடக்கியது, வெக்கை வைரஸை லேசாகத்தான் தடுத்தது. மாடுகளின் ரத்தத்தில் வெக்கை வந்துபோன அடையாளமே இல்லை. அன்று வந்தது வெக்கையாக இருந்திருந்தால், ஊசி போடாத அந்த மாடுகளை விட்டிருக்காது.

இரண்டாவது கட்டுரை எழுதினேன். முடிவுகள் பகுதியின் முதல் வரி இதுதான்: ஆடுகள் செத்த கொட்டகையில், தடுப்பூசி போடாத மாடுகள் நோயின்றி இருந்ததை அவற்றின் உரிமையாளர் அப்போதே கவனித்துச் சொன்னார்.

அந்த வெளிநாட்டுக்காரர் தன் அடுத்த கட்டுரையில், நான் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் மேற்கோள்கள் வந்தன. அட்டவணையில் என் பெயருக்குக் கீழே வரிகள் நீண்டுகொண்டே போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரும்பாலானவர்கள் மேற்கோள் காட்டியது அந்த முதல் வரியைத்தான்.

இந்தத் தடவை ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் மைசூர்பாகு வாங்கினேன். முதல் பெட்டியைக் குத்தம்பாக்கத்துக்கு எடுத்துப் போனேன். அந்தப் பெண்ணிடம், அவர் சொன்னது வெளிநாட்டுப் புத்தகத்தில் வந்திருக்கிறது, பல நாட்டுக்காரர்கள் அதைப் படிக்கிறார்கள் என்றேன். முதல் தடவை எழுதாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கவும் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அதான் தெரியுமே. நீ அன்னிக்கு எய்திகினு போன நாளா ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினுதான் கீறேன், என் பேச்சு புக்குல வந்துகீதுன்னு."

அத்தனை வருடங்களாக அவர் தெரியாமல் சொல்லிவந்த பொய் அது. கட்டுரையில் எழுதாமல் விட்டு, அதைப் பொய்யாக வைத்திருந்தது நான். மன்னிப்பைக் கேட்காமலே அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். என் பெயர் எத்தனை இடத்தில் வந்தது என்று யாராவது கேட்டால் இன்றும் பெருமையாகச் சொல்வேன். ஆனால் அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டால், அதைச் சொன்னவர் குத்தம்பாக்கத்தில் இருக்கிறார் என்றுதான் முதலில் சொல்வேன்.