நேரத்தைத் தின்ற பட்டியல்

பழவேற்காட்டில் புயல் எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் அறிவிப்பது எண்பதுகளில் என் வேலை. சென்னையில் கம்ப்யூட்டரில் புயல் கணக்குப் போடும் ஒருவர் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போன புயலுக்குச் சேதி எப்போ வந்தது?"

"இன்னா சார் பண்றது, மீன்பிடி படகுங்க கடலுக்குப் போனப்புறம்தான் வந்துச்சி. ஒண்ணு திரும்பவே இல்ல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். புயல் கணக்குப் போடும் புரோகிராம் எந்த இடத்தில் நேரத்தைச் செலவிடுகிறது என்று காட்டும் கருவியின் மூல நிரலை வரவழைத்து, அதிலிருந்த பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, தங்கள் கம்ப்யூட்டரில் நிறுவியிருந்தாராம்.

"கம்ப்யூட்டர் அச்சடிக்கிற, யாரும் படிக்காத பட்டியல் ஒண்ணு பாதி நேரத்தைத் தின்னுட்டிருந்தது. எடுத்துட்டேன். இனிமே கணக்கு சீக்கிரம் முடியும், சேதியும் சீக்கிரம் வரும்."

அடுத்த புயலுக்குச் சேதி முன்னதாகவே வந்தது. சாயங்காலம் போனில் அழைத்தார்.

"எத்தனை படகு போச்சு?"

"ஒண்ணுகூட போவல சார்."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.