கொடிக்கு ஆசைப்படாத சாரதி

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பிலும் வெங்காய மண்டியிலும் மாறி மாறி இருந்தேன். எதிலும் கால் தரிக்கவில்லை. தரித்தது மாட்டுவண்டிப் பந்தயத்தில் மட்டும்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சாணார்பட்டிப் பக்கத்துச் சாரதி ஒருவருக்குத் துணைச்சாரதியாக இருந்தேன். சாரதி வண்டியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பார். துணைச்சாரதி மேடு வந்தால் குதித்து மாட்டோடு ஓட வேண்டும். தார் ரோடு, வெறுங்கால். சம்பளம் கிடையாது, சோறு உண்டு.

அவர் எப்படிப்பட்ட சாரதி என்று டீக்கடைகளில் இன்னும் பேச்சு நடக்கிறது. "அவன் எங்க ஜெயிச்சான், அம்புட்டும் மாடு ஜெயிச்சது" என்பவர்கள் உண்டு. பக்கத்தில் ஓடியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பந்தயம் நீளமானது. மைல் கணக்கில் போய், எல்லையில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். எல்லையில் ஒருவர் கொடியோடு நிற்பார். முதலில் திரும்புகிற வண்டிக்குக் கொடி. அதற்குத் தனிப் பரிசு, தனி விசில். இவர் அதற்கு ஆசைப்பட்டதில்லை. போகும்போது மாட்டின் மூச்சைச் சேர்த்து வைப்பார். திரும்பும்போது மற்ற மாடுகளுக்கு நுரை தள்ளும். இவருடையவை அப்போதுதான் ஓடத் தொடங்கும். குத்துவிளக்கு, அண்டா, கிடாய் என்று வாங்காத முதல் பரிசு இல்லை. அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, அவர் ஓட்டிய மாடு எதுவும் ரோட்டில் விழுந்ததில்லை என்பதைத்தான். பின்னால் வந்த சாரதிகளில் பலர் இப்போது அவரைப் போலத்தான் ஓட்டுகிறார்கள்.

ஆனால் ஒரு கெட்ட வருஷம் உண்டு. "நாலு வண்டிக்குப் பின்னாடி தூசி குடிச்சிக்கிட்டுப் போறவனெல்லாம் சாரதியா?" என்ற கேலி அவரைத் தின்றுவிட்டது. அந்த வருஷம் ஊருக்கு ஊர் கொடியை வாங்கினார். ஊருக்கு ஊர் கடைசியாக வந்தார். அவரை நம்பி மாடுகளைக் கொடுத்திருந்த மாட்டுக்காரர்கள் அவற்றை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் கடலை பிடுங்கும் வேலைக்குப் போனார்.

அப்போதுதான் நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு மாட்டுக்காரர் வந்தார். அவர்கள் பக்கம் ரேக்ளா. குறுகிய ஓட்டம், கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். அவருக்கு எங்கள் நீளப் பந்தயத்தில் ஜெயிக்க ஆசை. டீக்கடையில் சாரதியை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, போன வருசம் கொடியெல்லாம் வாங்குனது இவருதானுங்களே?"

தோற்ற வருஷத்தின் கொடியைக் கேள்விப்பட்டுத்தான் மனிதர் வந்திருக்கிறார். வேறு யாரும் சாரதியைத் தேடி வரப்போவதில்லை. ஆமாம் என்றால் மாடு கிடைக்கும்.

"கொடி வாங்குனா தோத்துருவாருங்க" என்றேன்.

"ஏலே, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா" என்றார் சாரதி. மிச்ச டீயைக் குடித்து டம்ளரை வைத்தார். பிறகு அவரே சொன்னார்: "அவன் சொல்றது நெசந்தாங்க. உங்க மாடு எடுத்த எடுப்புல பறந்து பழகுனது. நான் புடிச்சுத்தான் ஓட்டுவேன். சம்மதம்னா கயித்தக் குடுங்க."

"முன்னாடி போகாம எப்படிங்க முன்னாடி வர்றது?"

"ஒருக்கா வந்து பாருங்க."

மாட்டுக்காரர் அரை மனதோடு ஒரு பந்தயத்துக்கு மட்டும் மாடுகளைக் கொடுத்தார்.

ஆத்தூர் ரோட்டில் பந்தயம். புறப்படச் சொல்லித் துண்டு வீசியதும் மாடுகள் பறக்கப் பார்த்தன. சாரதி பின்னால் சாய்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்ததில் உள்ளங்கை கிழிந்தது. மாட்டுக்காரர் மொபெட்டில் கூடவே வந்து கத்தினார்: "ஏனுங்க, தூங்கறீங்களா?" ரோட்டோரத்தில் ஒருவன், "அப்பு, பாய் தலகாணி கொண்டாரவா?" என்றான். இவர் எதற்கும் திரும்பவில்லை. எல்லையில் ஐந்தாவதாகத் திரும்பினோம்.

திரும்பியதும் கயிற்றைத் தளர்த்தினார். நான் இறங்கினால் மறுபடி ஏற முடியாத வேகம். ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போனது. முன்னால் ஒன்று மட்டும் மிச்சம். அதைப் பிடிப்பதற்குள் ரோடு முடிந்துவிட்டது. இரண்டாம் பரிசு.

சாரதி இறங்கி நின்றார், யாரையும் பார்க்கவில்லை. மாட்டுக்காரர் நேரே மாடுகளிடம் போனார். விலாவில் கை வைத்துப் பார்த்தார். வாயில் நுரை இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு மாடு அவர் தோள் துண்டைக் கடித்து இழுத்தது.

"இன்னும் ஓடும்போல இருக்குதுங்களே" என்றார்.

"ஓடும். இன்னும் பழகணும்."

"அப்பறம் எதுக்குங்க நான் ஊருக்கு ஓட்டிட்டுப் போறது? உங்க மாட்டுக் கொட்டத்துலயே நிக்கட்டுங்க."

மொபெட் போனதும் சாரதி கிழிந்த கையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொட்டத்துக் கூரை ஒழுகுமேடா. வா, போற வழியில தென்னங்கீத்து வாங்கிட்டுப் போவோம்" என்றார்.