மிச்சமான மூன்று வருஷம்

கண்டி கோர்ட்டுக்கு எதிரே பெட்டிஷன் டைப் அடிக்கிற என்னிடம் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. என் ஃபோன் அடித்தால் போதும், கதிரையை விட்டிறங்கி, ஆள் எண்ண வசதியாகச் சுவரோரம் குந்திவிடுவார்.

“ஆயுள் தண்டனைங்க. அப்பீல்ல பதினஞ்சு வருஷமா குறைச்சாங்க. ஆனா தீர்ப்பு வர்றதுக்குள்ள நான் பதினெட்டு வருஷம் இருந்துட்டேன்.”

“இப்ப அதுக்கு என்ன செய்யிறது?”

“தம்பி இன்னும் உள்ள இருக்கான். அவனுக்கு மூணு வருஷந்தான் பாக்கி. நான் கூடுதலா இருந்த மூணு வருஷத்தை அவன் கணக்குல போடச் சொல்லி எழுதுங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். ஒரே மாதத்தில் சிறைச்சாலைத் திணைக்களத்திலிருந்து பதில் வந்தது: தம்பியின் சம்மதக் கடிதத்தை மூன்று பிரதிகளில் இணைக்கவும்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. தினமும் அரசாங்கத்துக்கு எழுதுகிற எனக்குத்தான் அதை அவர் அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை.