அம்மாவின் கைப்பையில் ஒரு துப்பாக்கி

என் அம்மா கைப்பையில் துப்பாக்கி வைத்துக்கொண்டு, நாங்கள் குடியேறிய பிளாக்டவுனில் நடமாடினாள் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். எறும்பைக்கூட ஊதி விலக்கிவிட்டு உட்காருகிறவள் அவள். ஆனால் நான் என் கண்ணால் பார்த்தேன். அது என் துப்பாக்கி.

தீபாவளிக்குச் சுருள் கேப்பு வைத்துச் சுடுகிற இரும்புத் துப்பாக்கி. மதுரையிலிருந்து வந்த மாமாவின் பெட்டியில், விமான நிலையச் சோதனைக்கு எப்படியோ தப்பி வந்துவிட்டது. கேப்பு வரவில்லை, சத்தத்தை நான்தான் வாயால் போடவேண்டும். அப்பாவுக்கு விமானத்தில் ஐந்து மணி நேரத் தொலைவிலிருக்கும் பெர்த்தில் வேலை. அம்மா முதியோர் இல்லத்தில் நர்ஸ். எனக்குப் பத்து வயது. பள்ளி விட்டு வந்தால், அம்மா வரும்வரை ஃபிளாட்டில் நான் ஒருத்திதான். போலீசும் நானே, திருடனும் நானே. சுட்டுவிட்டு, ஓடிப்போய் விழவும் வேண்டும்.

ஒருநாள் அது காணாமல் போனது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். "எங்கயாவது வச்சிருப்ப, நல்லாத் தேடு" என்றாள் அம்மா. மூன்றாம் நாள் காலை, பேனா எடுக்க அவள் கைப்பையைத் திறந்தால் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆத்திரத்தில் அதை எடுத்துக்கொண்டு, கனம் குறையக் கூடாதே என்று தலை வாரும் பிரஷ்ஷை உள்ளே வைத்தேன்.

அன்று மாலை வாசலில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வழியில் துப்பாக்கிக்காகப் பைக்குள் கைவிட்டவளுக்கு அந்த பிரஷ்தான் அகப்பட்டிருக்கிறது. அதை இன்னும் இறுகப் பிடித்திருந்தாள்.

"இத நீயாடி வச்ச?"

"அது என்னோட துப்பாக்கிம்மா. நீ ஏன் எடுத்த?"

அடிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. "உன்னோடதுதான். நீயே வச்சுக்கோ."

ஐந்தரைக்கே இருட்டிவிடும் குளிர்காலம் அது. ஸ்டேஷனிலிருந்து பூங்காவோரமாகப் பத்து நிமிட நடை. அங்கே ஒருவன் நாலைந்து நாளாகத் தன் பின்னாலேயே வந்ததை, எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னாள். அப்பாவிடம் அப்போது மூச்சுவிடவில்லை. தெரிந்தால் வேலையை விடச் சொல்லியிருப்பார்.

மறுநாளிலிருந்து, ரயிலை விட்டு இறங்கியதும் அம்மா வீட்டுக்குப் போன் செய்தாள். "வைக்காம பேசிக்கிட்டே இரு" என்பாள். அவளும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவாள். அப்பாவை வெளியே வந்து நிற்கச் சொல் என்பாள், அதையும் ஆங்கிலத்தில். பெர்த்தில் இருப்பவரை எப்படி நிற்கச் சொல்வது என்று எனக்கு விளங்காது. விளங்காவிட்டால் என்ன? பேச ஆளில்லாத பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம்தான் திருவிழா. சொல்வதற்கென்று பகலெல்லாம் கதைகள் சேர்த்துவைப்பேன்.

ஒருநாள் அவள் செல்போனில் பேட்டரி தீர்ந்து பேச்சு பாதியில் அறுந்தது. அம்மா ஓடியே வந்து சேர்ந்தாள்.

"என்னைப் பாக்காம இருக்க முடியலையாம்மா?"

"ஆமாடி" என்றாள், கதவை இரண்டுமுறை பூட்டியபடி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.