குளியலறைக்குப் போன வயர்

பழுப்பு நிற எக்ஸ்டென்ஷன் வயர். ஃபிஜியில், விமான நிலையத்தை ஒட்டிய நமாகாவில் குடியேறிய முதல் வாரம் வாங்கியது. ஒரு முனையில் பிளக், மறு முனையில் பிளக் செருகும் கட்டை. அந்தக் கட்டையில் ஓரமாகச் சிறு கீறல் இருந்தது. அயர்ன் பெட்டிக்கு மட்டும் பயன்படுத்தியதால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து ஃபிஜிக்குப் போய், அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். பலகைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்த தகரக்கூரை வீட்டில் ஒரு பாதி எனக்கு. மறுபாதியில் ஒரு பஸ் டிரைவர், மனைவி, மகளுடன் இருந்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக மதராஸிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்தவர். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் அழைப்பேன்; அக்காவுக்குத் தமிழ் வரும் என்றாலும், வீட்டில் மற்ற இருவரும் பேசுவது பெரும்பாலும் இந்திதான். தன் அம்மாவிடம் கேட்டுப் பழகிய தமிழைப் பேசுவதற்காகவே மாலையில் என் வாசலுக்கு வருவார். ஒரு சொல் நினைவுக்கு வராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். நான் எடுத்துக் கொடுத்தால் பிடிக்காது.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வாரம் கடைகளில் முதலில் தீர்ந்துபோனவை அரிசியும் மெழுகுவத்தியும் பேட்டரியும். எங்கே சாலையை மறித்திருக்கிறார்கள், எந்த பஸ் ஓடும் என்பதெல்லாம் காலைச் செய்தியில்தான் தெரியும். சிகடோகா வழித்தடத்தில் ஓட்டுகிறவருக்கு அதைக் கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. மறுநாள் மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நிலையில், ஒரு மாலை வேலியோரம் வந்து நின்றார்.

“வாத்யாரே, நீட்டு வயர் ஒன்னு இருக்கா? பேட்ரி எந்த துக்கான்லயும் இல்ல, எல்லாக் கடையும் பாத்துட்டேன். குளிச்சி முடிக்கிறதுக்குள்ள நியூஸ் போயிடுது. ரேடியோவ உள்ளாறயே வெச்சிக்கிறேன்.”

அந்த வாரம்தான் பத்தாம் வகுப்புக்கு ஈரத்தையும் மின்சாரத்தையும் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். ஈரக் கை, வெறுங்கால், சிமெண்ட் தரை என்று கரும்பலகையில் படம்கூட வரைந்தேன். ஆனால் அந்த மாலை என் கையில் ஊரிலிருந்து வந்த மனைவியின் தந்தி இருந்தது. உடனே கிளம்பி வரச் சொல்லியிருந்தாள். போவதா இருப்பதா என்ற நினைப்பிலேயே வயரை எடுத்து வேலிக்கு மேலாக நீட்டினேன். “பாத்துக்குங்க” என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தகரக் குவளை தரையில் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா அவர் பெயரைச் சொல்லி இரண்டு முறை அழைத்தார். செய்தி மட்டும் நிற்கவில்லை. நான் ஓடினேன். அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் சரியாகச் செய்தேன். சிகடோகா வரை சாலை திறந்திருக்கிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தபோது இறக்கினேன். ஜன்னல் ஆணியில் மாட்டியிருந்த வயர்க்கட்டை நழுவித் தொட்டித் தண்ணீரில் விழுந்திருக்கிறது. அதை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மூச்சு திரும்பவில்லை.

வயர் யாருடையது என்று போலீஸ் கேட்கவில்லை. அந்த வாரம் அவர்களுக்கு வேறு கவலைகள். அக்காவும் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து அக்காவின் தம்பி தாயையும் மகளையும் சிட்னிக்கு அழைத்துக்கொண்டார். கிளம்புகிற காலையில் அக்கா என் கதவைத் தட்டி, துடைத்துச் சுருட்டிய வயரை நீட்டினார். “மாஸ்டர், ஒங்க சாமான்.” அந்த முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. நான் ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன். அதன் பிறகு விமானம் கூரைக்கு மேலே தாழ்ந்து போகும்போதெல்லாம் என் பேச்சு நின்றுவிடும். வகுப்பில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

நானும் பின்னாளில் ஆஸ்திரேலியா வந்தேன். போன வருடம் அக்காவைத் தேடிப் போனேன். தன் மகளின் வீட்டில் இருந்தார். கை கழுவப் போனபோது பார்த்தேன்: குளியலறையில் ஷேவர் செருகும் பிளக் பாயிண்ட் மட்டும். கரண்ட் நேராக வராமல், உள்ளே சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்தது. தலைமுடி உலர்த்தும் கருவி கூடத்தில் இருந்தது. மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சை வீட்டுக்கே போட்டிருந்தார்கள்.

டீ வைத்துவிட்டு அக்கா எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். வயரில் கீறல் இருந்ததையும், குளியலறைக்கு என்று தெரிந்தே கொடுத்ததையும், ஆபத்து என்னவென்று அறிந்திருந்ததையும் சொன்னேன்.

அக்கா டீக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: “பேட்ரி வாங்கி வெய்யின்னு, கடைல தீர்றதுக்கு முந்தியே எங்கிட்ட சொன்னாரு. நான் மறந்துட்டேன். மகளுக்குக்கூட இது தெரியாது.”

மேசையைப் பார்த்தபடியே, “நீங்க வாணாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு, மாஸ்டர். ஒங்க பேச்ச அவரு தட்டவே மாட்டாரு” என்றார்.

நான் தலையாட்டினேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இருந்து சாப்பிட்டேன்.