யூசுப்பின் சைக்கிளுக்குப் பின்சக்கரம் மாட்டிய நாள்

காரைக்குடியிலிருந்து இளையாத்தங்குடி வரை சைக்கிளில் போக வேண்டும் என்பது யூசுப்பின் திட்டம். நானும் அவனும் மதுரையில் ஒன்றாகப் படித்தவர்கள். அபுதாபியில் வேலை பார்த்த அவன், அங்கே ஒரு ஃபிக்ஸட் கியர் சைக்கிள் வாங்கி வெள்ளிக்கிழமைதோறும் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜனவரி லீவுக்கு வரும்போது அதையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். இளையாத்தங்குடியில் அவன் அத்தா கொஞ்ச காலம் கடை வைத்திருந்தார். அந்த இடத்தைத் தன் மனைவி பர்வீனுக்கும் காட்ட வேண்டும் என்பான்.

செப்டம்பரில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது அவனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நாற்பத்தோரு வயது.

அவன் சைக்கிள், பின்சக்கரத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தபடி, சில வாரம் கழித்துச் சரக்கில் காரைக்குடி வீட்டுக்கு வந்தது. "ஒருதடவை அவுக சொன்ன ரூட்டுல ஓட்டிட்டு, மதுரைக்கே கொண்டு போயிருங்கண்ணே. என்னால இதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்று பர்வீன் போனில் சொன்னாள். அதனால்தான் இந்த ஜனவரியில் நான் மட்டும் போனேன். மதுரையில் காலை 5.30 பேருந்து, எட்டு மணிக்கு முன்னாலேயே காரைக்குடி.

ஃபிக்ஸட் கியர் தெரியாதவர்களுக்கு: இதில் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். மிதிக்காமல் உருட்டிக்கொண்டு போக முடியாது. வேகத்தைக் குறைப்பதும் பெரும்பாலும் காலால்தான். அதனால் பின்சக்கரம் மாட்டிய இடத்தைவிட்டு நகராமல் இருப்பது உயிர் விஷயம். சக்கரம் நகர்ந்து செயின் கழன்றால், முன் பிரேக் மட்டும்தான் துணை.

பர்வீன் வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். செயினைப் பல்சக்கரத்தில் மாட்டி, அச்சைச் சட்டத்தின் பின்பக்கப் பிளவுக்குள் நுழைத்தேன். செயின் விறைப்பாகவும் இருக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அந்த அளவுக்குச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரண்டு நட்டுகளையும் பதினைந்தாம் நம்பர் ஸ்பானரால் முடுக்கினேன். பிறகு சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன். பெடல்கள் இரண்டும் தாமாகச் சுற்றின.

பர்வீன் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆளே இல்லாம மிதிக்குதுண்ணே" என்றாள். அடுப்பில் டீ இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அதற்குமேல் என்னாலும் அங்கே நிற்க முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

குன்றக்குடி தாண்டி ஒரு சின்ன ஏற்றம். எழுந்து நின்று அழுத்தி மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம். டயர் இடதுபக்கக் கம்பியில் உரசி சைக்கிள் நின்றுவிட்டது. வலதுபக்க நட்டு சரியாக முடுக்கப்படவில்லை. செயின் இழுத்த இழுப்பில் சக்கரம் அந்தப் பக்கம் முன்னால் நகர்ந்து கோணிக்கொண்டது. ஸ்பானரைத் தேடினால் பையில் இல்லை. பர்வீன் வீட்டு வாசலிலேயே விட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் கடையும் இல்லை. அவளுக்கே போன் செய்தேன்.

அரை மணி நேரத்தில் ஸ்பானரோடு ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். "விழுந்துட்டீகளோன்னு பதறிப்போயிட்டேன்" என்றவளுக்கு மூச்சு வாங்கியது.

சக்கரத்தை மறுபடி இழுத்து வைத்தேன். நேராக நிற்காமல் சாய்ந்து சாய்ந்து போனது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக வரும்படி டயரைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி முடுக்கினேன்.

"வெள்ளிக்கிழமை வீடியோ கால்ல மொகத்தக் காட்டவே மாட்டாக. போனக் கீழ சாத்திவச்சுட்டு இதத்தான் முடுக்கிக்கிட்டு இருப்பாக. சைக்கிளையே கட்டிக்கிட்டுப் போங்கன்னு சண்டை போடுவேன். கடைசி வெள்ளிக்கிழமையும் கோவத்துல கட் பண்ணிட்டேண்ணே."

டயரிலிருந்து கையை எடுக்காமலே அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை ஸ்பானரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் இளையாத்தங்குடிக்கு வாறேன்" என்றாள். நான் முன்னால், அவள் ஸ்கூட்டியில் பின்னால். இந்தத் தடவை சக்கரம் இடம் நகரவில்லை.

இளையாத்தங்குடியில் டீக்கடைக்காரரிடம் விசாரித்தோம். "பாய் கடையா? அந்தா, அங்குட்டு இருந்துச்சு. இடிச்சுப் பல வருசமாச்சே" என்றார். அவர் காட்டிய இடத்தில் கருவேலஞ்செடிகளும் கொஞ்சம் செங்கல்லும் இருந்தன. பர்வீன் போட்டோ எடுக்கப் போனை உயர்த்தினாள். "இத யாருக்குண்ணே அனுப்புறது?" என்று கேட்டுவிட்டு, எடுக்காமலே பைக்குள் வைத்துவிட்டாள்.

நீங்களும் போவதாக இருந்தால்: போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். டிசம்பர், ஜனவரிதான் சரி; பத்து மணிக்குமேல் அப்போதும் வெயில் சுடும். பேருந்தில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் கேட்பார்கள். நட்டுகளை முடுக்கியபின் நின்று அழுத்தி மிதித்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் போனதும் இறங்கி மறுபடி முடுக்குங்கள். ஸ்பானர் எப்போதும் பையில் இருக்கட்டும்.

சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பினோம். பேருந்தில் ஏற்றுவதற்காகப் பின்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். சரக்கில் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். பர்வீன் அசையாமல் நின்றாள்.

"அவுகளும் பெட்டியிலதான் வந்தாக. இதையாச்சும் திரும்பப் பெட்டியில வைக்க வேணாம்ணே. இங்கயே நிக்கட்டும்."

ஸ்பானரை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஆறரை மணிப் பேருந்தில் நான் மட்டும் ஏறினேன்.